எப்போதும் கடைசியில் வந்த கார்

மலேசியாவில், ஈப்போ நகரில் என் மகள் தர்ஷினி வேலை பார்க்கும் பட்டறையில் ஒரு பழைய பந்தயக் கார் நிற்கிறது. ஒருவர் மட்டும் கால் நீட்டிப் படுத்தாற்போல் உட்காரலாம். கூரை கிடையாது. நான்கு சக்கரங்களும் எந்த மறைப்பும் இல்லாமல் உடம்புக்கு வெளியே நிற்கும். மூக்குக்கு அடியில் ஒரு சின்ன இரும்புக் கொக்கி. அது எதற்கு என்று பட்டறையில் பல நாள் வாதம் நடந்தது. கட்டி இழுப்பதற்கு என்றார் ஒருவர். இவ்வளவு மெல்லிய கொக்கி மிதிவண்டியைக்கூட இழுக்காது என்றார் மற்றவர். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க நூல் கட்டும் கொக்கி என்று சீன முதலாளி தீர்ப்புச் சொல்லி முடித்துவைத்தார்.

தமிழ்நாட்டில், பள்ளிபாளையத்தில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைக்காரர் தங்கவேல், கைப்பேசியில் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் சொன்னார்: "எலுமிச்சம்பழமும் மொளகாயும் கட்டறதுக்குங்க. வேறெதுக்கு?"

நாங்கள் கடல் தாண்டி அவ்வளவு தூரம் போனதற்குக் காரணம் அந்தக் கார்தான். தர்ஷினி அதன் பெயின்டைச் சுரண்டினாள். நீலத்துக்கு அடியில் சிவப்பு, சிவப்புக்கு அடியில் சாம்பல். மூக்குத் தகட்டின் உட்பக்கத்தில் மட்டும் மஞ்சள் எழுத்து இருந்தது. தமிழ் எழுத்து என்று தெரிந்ததும், அவளுக்கு வாசிக்கத் தெரியாததால், படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். 'மாரியம்மன் துணை', ஒரு தாமரை, மூலையில் சிறியதாக 'மணியன் பெயின்டர், பள்ளிபாளையம்'.

சென்ற ஆண்டு அவள் இதேபோலச் சக்கரம் வெளியே நிற்கும் புதிய கார் ஒன்றில் பந்தயம் ஓடினாள். பின்னால் வந்தவனின் முன்சக்கரம் அவளுடைய பின்சக்கரத்தில் உரசியது. மூடியில்லாத சக்கரங்கள் உரசினால் ஒன்று மற்றதன் மேல் ஏறிவிடும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நான் மேலே பார்வையாளர் வரிசையில் இருந்தேன். கார் பக்கவாட்டில் சுவரில் போய் அடித்தது. வலது தொடை எலும்பு முறிந்தது. உள்ளே இப்போது ஓர் எஃகுத் தண்டு இருக்கிறது. அவள் கொஞ்சம் சாய்ந்து நடக்கிறாள், சிரிக்கிறாள், சாப்பிடுகிறாள். எனக்குத்தான் இன்னும் சரியாகவில்லை. சமையலறையில் மூடி விழுந்தால் அப்படியே உட்கார்ந்துவிடுகிறேன்.

பழைய கார்களுக்கென்று தனியாகப் பந்தயம் நடத்தும் ஒரு சங்கம் உண்டு. அங்கே முதல் பிரிவில் ஓட வேண்டுமானால், கார் முதன்முதலில் எந்த உருவத்தில் பந்தயம் ஓடியதோ அதே உருவத்தில் இருக்க வேண்டும். இந்தக் காரில் ஓட்டுபவரின் தொடைகளுக்கு வெளியே, பக்கத்துக்கு ஒன்றாக, இரண்டு இரும்புக் குழாய்கள் நீளவாக்கில் இருக்கின்றன. காரின் இரும்புச் சட்டத்தில் மற்றக் குழாய்களெல்லாம் விரல் தடிமன். இவை என் முன்கை தடிமன்.

"இது அப்புறம் வெச்சதும்மா. வெல்டிங் பத்த வெச்ச கையே வேற," என்பாள் தர்ஷினி. அது உறுதியானால் அறுத்தெடுத்துவிடலாம். கார் லேசாகும், வேகமாகப் போகும்.

அவை முதல் நாளிலிருந்தே இருந்தவை என்று யாராவது சொல்லிவிட வேண்டும் என்பது என் வேண்டுதல். அவளுக்கு எலும்பு முறிந்த இடத்துக்கு நேராகத்தான் வலப்பக்கக் குழாய் போகிறது. நான் கூடவே கிளம்பியது இதற்காகத்தான். நான் பாடம் நடத்தும் பள்ளியில் விடுப்பு எழுதும்போது கோயில் பார்க்க என்று எழுதினேன்.

சேலத்தில் எங்களுக்கு வாய்த்த வாடகைக் கார் ஓட்டுநர் சேகர். முன் இருக்கையில் நான். எதிரே லாரி வரும்போதெல்லாம் என் வலது கால் தரையை அழுத்தியது. சங்ககிரி தாண்டுவதற்குள் அவர் கவனித்துவிட்டார்.

"அம்மா, உங்க பக்கம் பிரேக் இல்லீங்க."

"தெரியும்பா."

"அமுத்தி அமுத்திக் கால் வலிக்குமுங்க. நீங்க சும்மா இருங்க, உங்களுக்கும் சேத்து நானே போடறேன்." சொன்னபடியே போட்டார். பின்னால் வந்த முட்டை லாரிக்காரர் இறங்கி வந்து எங்கள் மூவரின் குடும்பங்களையும் விசாரித்துவிட்டுப் போனார். எங்கள் ஊரில் இப்படி என்றால் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மனத்துக்குள் திட்டுவோம். இங்கே முகத்துக்கு நேரே திட்டி முடித்து, "பாத்துப் போங்க சாமி" என்று அனுப்புகிறார்கள்.

பள்ளிபாளையத்தில் ஊர்ப் பெயரையே ஒரு கோழிக்கறிக்கு வைத்திருக்கிறார்கள். சின்ன வெங்காயம், கிள்ளிப்போட்ட வற்றல் மிளகாய், தேங்காய்ச் சில்லு, அவ்வளவுதான். மசாலாத்தூள் வாடையே இல்லை. முளைப்பயறோடு தரும் எங்கள் ஈப்போவின் தவுகே கோழியை உலகத்திலேயே எளிமையான கோழி என்று நினைத்திருந்தேன். தர்ஷினி கண்ணில் நீர் வழிய இரண்டாவது தட்டு வாங்கினாள். ஆஸ்பத்திரியில் இரண்டு வாய் கஞ்சிக்குக் கெஞ்ச வைத்த பிள்ளை. நான் என் தட்டை மறந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தங்கவேலின் பட்டறையில் எலும்புக்கூடாக ஒரு லாரி நின்றது. முடிந்த லாரி ஒன்றின் நெற்றியில் ஒருவர் ஏணியில் நின்றபடி முதலாளியின் பிள்ளைகள் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். கொக்கியை விளக்கி முடித்த தங்கவேல், மூக்குத் தகட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"எங்கப்பன் காலத்துல இங்க இருந்த மணியண்ணன் எழுத்துங்க இது. தாமரைக்கு எலை ஒண்ணுதான் போட்டிருக்குது பாருங்க. சோம்பேறி மனுசன்."

"அப்படின்னா கார் இங்கதான் கட்டினதா, அங்கிள்?" என்றாள் தர்ஷினி.

"இங்கதானுங்க அம்மிணி. நான் அப்ப டவுசர் போட்டுக்கிட்டிருந்தேன். நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒருத்தரு போர் போடற ரிக்கு வண்டி வெச்சிருந்தாரு. அவரு மவன் தொரைசாமி கோயமுத்தூருல படிச்சுக்கிட்டிருந்தாரு. லீவுக்கு வந்து இதைக் கட்டுனாரு. பழைய டாக்சி எஞ்சினு. அந்தக் காலத்துல ரேசு ஓட்டறவங்க அப்படித்தான், கெடைச்சதை வெச்சு அவங்களே கட்டிக்குவாங்க. ஆனா கைவேலை எங்களுதல்லோ? நாங்க லாரி கட்டறவங்க. கொக்கி வெச்சோம், பூசை போட்டோம், சக்கரத்துக்குக் கீழ எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கி, ரேசுக்குத் தாட்டிவிட்டோம்."

"ரேஸ்ல எப்படி?"

பட்டறை முழுக்கச் சிரித்தது. தலைமுறை மாறியும் மாறாத சிரிப்பு போலிருக்கிறது.

"கடைசிங்க. எப்பவும் கடைசி. 'ஏனுங்க, நம்ம காரு ஓடுச்சா?'ன்னு ஊரு கேட்டா, 'ஓடிக்கிட்டிருக்குது, இன்னும் வல்லை'ம்பாரு எங்கப்பன்."

தர்ஷினியும் சிரித்தாள். பிறகு குழாய்களைப் பற்றிக் கேட்டாள். தங்கவேல் உதட்டைப் பிதுக்கினார். "அது நமக்குத் தெரியாதுங்க. அவரோட அக்கா நாமகிரிப்பேட்டையில மஞ்சள் யாவாரம் பண்ணுது. அதுக்குத் தெரியாதது ஒண்ணுமில்லை. தெரியாததையும் சொல்லும்."

மறுநாள் ராசிபுரம் நெருங்கும்போது சேகரின் காரில் முன்பக்கமிருந்து புகை வந்தது. நான் கதவைத் திறந்து, மகளை இழுத்துக்கொண்டு, ஒரு சோளக்காட்டுக்குள் பாதி தூரம் போய்விட்டேன். "பெல்ட்டுதானுங்க அம்மா, வெடிக்காது," என்று சேகர் ரோட்டிலிருந்து கத்தினார். அவர் பெல்ட்டுக்குப் போனார், நாங்கள் டவுன் பஸ்ஸில் ஏறினோம்.

தர்ஷினியின் நடையைப் பார்த்ததும் நடத்துநர் முன் இருக்கையில் இருந்தவரைத் தட்டினார். "எந்திரிங்க சாமி, புள்ளைக்குக் கால் சரியில்லை."

அவர் எழுந்து இடம் கொடுத்துவிட்டுக் கம்பியைப் பிடித்தபடி விசாரித்தார். "என்னாச்சு கண்ணு?"

"கார் ஆக்சிடென்ட்."

"யாரு ஓட்டுனது?"

"நான்தான்."

"இனிமே ஓட்டாத."

அவர் கையைப் பிடித்து நன்றி சொல்லலாம் போலிருந்தது எனக்கு. தர்ஷினி என் காதருகே குனிந்தாள். "சீட்டைச் சும்மா குடுக்கலை, பாத்தீங்களா?"

நாமகிரிப்பேட்டை மஞ்சளாக இருந்தது. இது அலங்காரத்துக்குச் சொல்வதில்லை. மாசி மாதம், மஞ்சள் அவித்துக் காயவைக்கும் காலம். களத்தில் மஞ்சள், சாக்கில் மஞ்சள், நாயின் முதுகில் மஞ்சள். துரைசாமியின் அக்கா சரஸ்வதி அம்மாளின் களத்தில் ஒரு பெரிய இரும்பு உருளை சுழன்றுகொண்டிருந்தது. அவித்துக் காய்ந்த மஞ்சள் அதற்குள் உருண்டு தோல் நீங்கிப் பளபளப்பாகும். எந்திரம் கண்ட இடத்தில் நின்றுவிடுவது தர்ஷினியின் வழக்கம். அவள் அங்கேயே நின்றுவிட, நான் சமையலறைக்கு இழுத்துச் செல்லப்பட்டேன்.

"மலேசியாவுல அரிசிம்பருப்புச் சோறு உண்டுங்களா?"

இல்லை என்றேன். அரிசியும் பருப்பும் ஒன்றாக வெந்த அந்தச் சோற்றில் நெய்யை ஊற்றியபடியே அவர் தம்பியின் காரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். எழுபது தாண்டியிருக்கும். கரண்டியும் வாயும் ஒரே வேகத்தில் போயின. நான் குழாய்களின் படத்தைக் காட்டினேன். கரண்டி நின்றது.

"மொத ரேசுல இது இல்லீங்க," என்றார். "மதராசுக்கு அக்கட்டால, ஏரோப்பிளான் எறங்கற பழைய ரோட்டுல ரேசு வெச்சாங்க. என்ற அப்பன் பாக்கப் போயிருந்தாரு. எவனோ ஒருத்தன் சக்கரம் இவன் சக்கரத்துல ஏறிக் காரு கவுந்து போச்சு. தம்பிக்கு முழங்கையில சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனா அப்பன் ஊட்டுக்கு வந்து சோறு திங்கலை. ஆருகிட்டயும் பேசலை. அப்பறம் பட்டறைக்குப் போயி, ரிக்குல போர் எறக்கற குழாயில ரெண்டு துண்டு வெட்டி, பையன் தொடைக்குப் பக்கத்துல பத்த வெக்கச் சொல்லிப்போட்டாரு. பையன் கேட்டா சட்டம் முறுக்காம இருக்கறதுக்குன்னு சொல்லச் சொன்னாரு."

"அதுக்கப்புறம்?"

"அப்பறமென்ன? பாறையைத் தொளைக்கற குழாயிங்க அது. டாக்சி எஞ்சினு இழுக்குமா? அதுக்கப்பறம் எல்லா ரேசும் கடைசிதான். அப்பன் சாகறப்ப எங்கிட்டச் சொல்லி அழுதாரு. 'எம்பையனை நாந்தான் முந்தவிடலை'ன்னு. தம்பிக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. நான் சொல்லலை. நீங்களும் சொல்லிப்போடாதீங்க."

ஜன்னல் வழியே தர்ஷினி தெரிந்தாள். உருளைக்குப் பக்கத்தில், தலையெல்லாம் மஞ்சள் தூளோடு, எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். சரஸ்வதி அம்மாள் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவளுடைய விபத்தைப் பற்றி ஏற்கெனவே சொல்லியிருந்தேன்.

"அம்மிணி வந்து கேட்டா, குழாய் மொதல்லயிருந்தே இருந்துதுன்னு சொல்லிடட்டுங்களா? எனக்கொண்ணும் நட்டமில்லை."

ஆம் என்ற சொல் நாக்கு வரைக்கும் வந்தது. வாயில் சோறு இருந்தது. விழுங்கி முடிப்பதற்குள் தர்ஷினி உள்ளே வந்துவிட்டாள். முகத்தில் புருவம் மட்டும்தான் கறுப்பு.

"பாட்டி, அந்தக் குழாய் ரெண்டும்..."

"உங்கம்மாகிட்டச் சொல்லியிருக்கறேன் கண்ணு. அவங்களைக் கேட்டுக்க. மொதல்ல மூஞ்சியைக் கழுவு, சோத்துல மஞ்சள் கொட்டுது."

சேகர் புது பெல்ட்டோடு வந்து எங்களை ஏற்றிக்கொண்டார். வழி நெடுக அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மாலையில் சேலத்தில் ஒரு தள்ளுவண்டி முன்னால் நின்று தட்டுவடை செட் சாப்பிட்டோம். இரண்டு சின்னத் தட்டுவடைகளுக்கு நடுவே சட்னியும் துருவிய பீட்ரூட்டும் வெங்காயமும் வைத்துத் தருவார்கள். ஒரே வாயில் போட வேண்டும். கடித்தால் சட்டைக்குப் போகும். அவள் மூன்றாவதை வாயில் போட்டு முடித்துவிட்டுக் கேட்டாள்.

"என்னம்மா சொன்னாங்க?"

முதலிலிருந்தே இருந்தது. இரண்டே சொல். போய்ச் சரிபார்க்க யாருமில்லை. அவள் கண்ணைப் பார்த்தேன். நான் வாசித்துக் காட்டிய எழுத்தை நம்பி வந்தவள்.

"அப்புறம் வெச்சதுதான்," என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். தம்பிக்குத் தெரியக்கூடாது என்பதையும் சொன்னேன்.

அவள் இலைத்தட்டை மடித்து மடித்துச் சிறிதாக்கினாள். பிறகு, "இருக்கட்டும்மா. நான் அறுக்கலை," என்றாள். "சங்கத்துல ரெண்டாவது பிரிவு ஒண்ணு இருக்கு. பின்னாடி மாத்தின காருங்களுக்கு. அதுல ஓட்டிக்கிறேன். கடைசியில வருவேன். பரவாயில்லை. நீங்க தூங்கணும்ல."

அன்றிரவு, விபத்துக்குப் பிறகு முதல் தடவையாக, விடியும் வரை தூங்கினேன்.

மறுநாள் துரைசாமியைப் பார்க்கப் போனோம். அவர் இருப்பது சேலத்தை ஒட்டிய கொண்டப்பநாயக்கன்பட்டியில். ஏற்காட்டுக்கு ஏறும் வண்டிகள் அங்கே நின்று தண்ணீரும் பன்னும் வாங்கிக்கொண்டு மலையேறும். மகனின் பேக்கரி வாசலில் நாற்காலி போட்டு, ஏறும் வண்டிகளுக்கெல்லாம் அவர் மார்க் போட்டுக்கொண்டிருந்தார். "இவன் ரெண்டாவது வளைவுல நிப்பான் பாருங்க." அக்கா ஏற்கெனவே போனில் சொல்லியிருந்ததால் எங்களுக்குத் தேங்காய் பன்னும் டீயும் காத்திருந்தன. எங்கள் ஊர் வெள்ளைக் கோப்பியைவிட இனிப்பு அதிகம். குறை சொல்லத் தோன்றவில்லை.

தர்ஷினி படத்தைக் காட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார், மறுபடி துடைத்தார்.

"அடப்பாவி! இது இன்னும் உசுரோடவா இருக்குது? எங்கூடப் படிச்ச மலேசியாக்காரன் கப்பல்ல போட்டுக் கொண்டுட்டுப் போனானுங்க. கடலுக்குள்ள எங்கயாச்சும் முழுகியிருக்கும்னு நெனைச்சேன். அந்தக் கனத்துக்கு."

"எப்படி ஓடும், அங்கிள்?"

"எருமை மாதிரி ஓடும். திரும்பச் சொன்னா யோசிக்கும்." அவர் விரல் படத்தில் நகர்ந்து குழாய் மேல் நின்றது. "இது எங்கப்பன்."

நானும் தர்ஷினியும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"சட்டம் முறுக்காம இருக்க வெச்சதுன்னு வெல்டரு சொன்னான். சொல்றப்ப எம்மூஞ்சியைப் பாக்கலை. எனக்குப் புடிபட்டுப் போச்சுங்க. மொத ரேசுக்கு முந்தி வெளையாட்டுக்கு லாரி எடைமேடையில காரை ஏத்திப் பாத்திருந்தேன். மறுபடியும் ஏத்தினேன். ஒரு மூட்டை மஞ்சள் எச்சா காட்டுச்சு. போர் போடற குழாயை எனக்கு அடையாளம் தெரியாதுங்களா? பொறந்ததுலயிருந்து அதுக்கு மேல ஏறி வெளையாடினவன்."

"கேக்கலையா உங்கப்பாவை?" என்றாள் தர்ஷினி.

"கேட்டு? கவுந்த அன்னிக்கு அவரு நின்ன நெலை எனக்குத் தெரியுமல்லோ. ஒவ்வொரு ரேசும் முடிஞ்சு ஊட்டுக்கு வந்தா, 'வண்டி எப்படிப்பா?'ம்பாரு. 'வண்டி நல்லாத்தான் இருக்குதுங்கப்பா, ஆளுதான் சரியில்லை'ம்பேன். போயி நல்லாத் தூங்குவாரு. குறட்டை களத்து வரைக்கும் கேக்கும்."

என் கையில் டீ அப்படியே இருந்தது.

"அறுத்துப் போட்டிருக்கலாமே," என்றாள் அவள்.

"அரை நாள் வேலை. அவரு தூங்கோணுமல்லோ கண்ணு." அவர் சிரித்தார். ஒரு கார் முனகியபடி மேட்டில் ஏறியது. அது வளைவில் மறையும் வரை பார்த்துவிட்டுச் சொன்னார்: "வருத்தமெல்லாம் பெருசா இல்லை. ஒண்ணே ஒண்ணு. முன்னால ஒரு வண்டியும் இல்லாம ரோடு மட்டும் எப்படி இருக்கும்னு ஒருக்காப் பாத்திருக்கலாம்."

கிளம்பும்போது, அக்கா அவருக்குத் தெரியாது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று நான் சொல்லிவிட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. "தெரியுமுங்க. இத்தனை வருசமா பத்திரமாக் காப்பாத்துது பாவம். இருந்துட்டுப் போகட்டும், சொல்லிப்போடாதீங்க. உங்க அம்மிணி பேரு என்னங்க? தர்ஷினியா? வண்டி நெத்தியில எழுதிப் போடுங்க, நல்லாருக்கும்."

திரும்பும் வழியில் தர்ஷினி பின் இருக்கையில் காலை நீட்டி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் முன்னால். நன்றாகத் தூங்கி எழுந்த என் முகம் கண்ணாடியில் தெரிந்தது. ஒரே ஓர் இரவுதான் தூங்கியிருந்தேன். கடைசியில் வந்துகொண்டே அவள் அந்தத் தூக்கத்தை எனக்கு எத்தனை வருடம் தருவதாக இருந்தாள் என்று எண்ணிப் பார்த்தேன்.

"தர்ஷினி."

"ம்."

"அறுத்துடு."

அவள் ஜன்னலை விட்டுத் திரும்பினாள். பிறகு மெதுவாக, "நெஜமாவாம்மா? நேத்து நல்லா தூங்கினீங்களே," என்றாள்.

"தூக்கம் வர்றப்ப வரட்டும்."

அவள் கை பின்னாலிருந்து வந்து என் தோளில் படிந்தது. சிறிது நேரம் கழித்து சேகர் என் காலைப் பார்த்தார். "என்னங்கம்மா, இந்த ரோட்டுல ஒரு பிரேக்கும் போடலை?" சொல்லி முடிப்பதற்குள் எதிரே ஒரு லாரி வந்தது. போட்டேன்.

ஈப்போ வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பட்டறையில் வேறு யாரும் இல்லை. கொக்கியின் கதையைக் கேட்டதிலிருந்து சீன முதலாளியே அதில் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். தர்ஷினி முகக்கவசம் போட்டுக்கொண்டு காருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். வலது காலை முழுதாக மடக்க முடியாது, நீட்டியேதான் வைத்திருந்தாள். வலப்பக்கக் குழாயின் பின்முனையை அறுத்தாயிற்று. முன்முனைதான் பாக்கி. அது விழுந்தால் அவள் கால் மேல்தான் விழும்.

கையுறையை மாட்டிக்கொண்டு குழாயின் இருபுறமும் கால் ஊன்றி நின்றேன். குழாயைப் பற்றினேன்; கையுறை வழியாகவும் இரும்பின் குளிர் தெரிந்தது. இதைப் பற்றவைக்கச் சொன்னவர் எங்கே நின்றிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். ஏறக்குறைய இங்கேதான் நின்றிருப்பார்.

"பிடிச்சிட்டீங்களா?"

"பிடிச்சிருக்கேன்."

"கனமா வரும்மா."

"வரட்டும். நீ அறு."

பொறி பறந்தது. கண்ணை மூடிக்கொள்ளாமல் பார்த்தேன். சத்தம் நின்றபோது குழாய் காரை விட்டுவிட்டு முழுவதுமாக என் கைகளுக்கு வந்தது. நினைத்ததைவிட அதிகக் கனம். கீழே போடவில்லை.